சுகுமாறன் சத்தமில்லாத காடி வாங்கிய கதை

மலேசியாவின் தம்போயில் மனிதர்கள் எத்தனையோ காரணத்துக்காகக் காடி, அதாவது கார், மாற்றுவார்கள். பழசாகிவிட்டது என்பார்கள், பிள்ளை பிறந்துவிட்டது என்பார்கள், மச்சான் மாற்றிவிட்டான் என்பார்கள். நம்ம சுகுமாறன், இத்தனை வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த பெரிய டீசல் போர்வீல் வண்டியை விற்றுவிட்டு, பெட்ரோலில் ஓடும் குட்டிக் காடி வாங்குவது என்று சபதம் எடுத்ததற்குக் காரணம் ஒரு கிளாஸ் தே தாரிக்.

இதை வெளியில் சொல்ல முடியுமா? சொன்னால் குடியிருக்கும் தாமானே சிரிக்கும். தாமான் சிரித்தால்கூடத் தொலையட்டும். பிரேமலா சிரிக்க மாட்டாள்.

சங்கதி இதுதான். சுகுமாறனுக்கு இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், மகள் லோஷினி வயசுதான் இருக்கும். "அங்கிள், சீனியை நிறுத்துங்க, தினமும் நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அவளுக்கென்ன, அவள் சொன்னதோடு சரி. கூடவே உட்கார்ந்திருந்த பிரேமலா அதை அப்படியே சட்டமாக்கிவிட்டாள். அன்று மாலையே வீட்டில் சீனி டப்பா தலைமறைவானது. கெட்டிப்பால் டின் எந்த அலமாரியில் குடியிருக்கிறது என்பது லோஷினி கோலாலம்பூரிலிருந்து லீவுக்கு வரும்போது மட்டும் வெளிப்படும் ரகசியம். நடப்பதைப் பொறுத்தவரை சுகுமாறன் குறை வைக்கவில்லை. சோபாவிலிருந்து போர்வீல் வரைக்கும் தினமும் நடந்தார்.

போர்வீல் ஏறி எங்கே போவார்? மேட்டுக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டோரத்தில் இருக்கிற மாமாக் கடை என்கிற பாய் சாப்பாட்டுக் கடைக்குத்தான். அங்கே பாய் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, தேத்தண்ணியை ஒரு முழம் இழுத்து ஆற்றுவார், அதுதான் தே தாரிக். மேலே நாலு விரல் நுரை நிற்கும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பகல் முழுக்க அச்சு மெஷின்களுக்கு நடுவே நின்று கத்திவிட்டு வருகிற ஒரு சூப்பர்வைசருக்கு அந்த நுரையில் மூக்கை நனைப்பதைத் தவிர வேறு என்ன சுகம் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் போர்வீல் இருக்கிறதே, அதற்குத் தொண்டை பெரிசு. சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு இருமல் இருமும். அப்புறம் கடகடவென்று பிடித்துக்கொள்ளும். எதிர்வீட்டு நாய் குரைக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடும். சமையல்கட்டில் மீன் அலசிக்கொண்டிருக்கும் பிரேமலா தலையைக்கூடத் தூக்க மாட்டாள், காதை மட்டும் அந்தப் பக்கம் வைப்பாள். சுகுமாறன் கடையில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரைக் கிளாஸ் குடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருக்கும்.

"எங்க இருக்கீங்க?"

"டயருக்குக் காத்தடிக்க வந்தேன் பிரேமா."

"காத்து எப்படி, சூடா இருக்கா? நுரை நிறைய வந்திருக்கா?"

சுகுமாறன் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு விசாரணை நடக்கும்.

"எப்படித்தான் தெரியுது உனக்கு?"

"நம்ம லோரோங் சந்து முனையில வலது பக்கம் திரும்பினா தட்டை ரோடு, சத்தம் சீக்கிரம் அடங்கிடும். நீங்க இடது பக்கம் திரும்பினீங்க. மேடு ஏற முடியாம உங்க காடி ரெண்டாவது கியர்ல கத்துச்சு. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, உங்க மாமியார் வீடா இருக்கு?"

அவள் ஒரு நாளும் கியர் போட்டுக் காடி ஓட்டியவள் இல்லை. காது மட்டும் மெக்கானிக்கின் காது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்ட மனிதன் நிம்மதியாக ஒரு டீ குடிப்பது எப்படி?

வழி சொன்னவர் பக்கத்து வீட்டுக் காசி. இன்சூரன்ஸ் ஏஜெண்டு. சுகுமாறனைவிட நாலைந்து வயது மூத்தவர், அனுபவஸ்தர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிய கையோடு இரண்டு பேரும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று உலக விஷயம் பேசுவது வழக்கம்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். நீங்க எப்போ வெளிய போறீங்க, எப்போ வர்றீங்கன்னே தெரிய மாட்டேங்குதே" என்றார் சுகுமாறன்.

"தெரியக்கூடாதுன்னுதானே லா பெட்ரோல் குட்டிக் காடி வாங்கினேன்." காசி குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாயந்திரம் என் வீட்டுக்காரி நாச்சா கண்ணசந்தா. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள போயி ரெண்டு ரொட்டி சானாய் அடிச்சிட்டு வந்துட்டேன். எஞ்சின் ஓடுதா இல்லையான்னு ஓட்டுற எனக்கே சந்தேகம்."

"சத்தமே வராதா?"

"டீசலை வச்சிக்கிட்டு ஒளிஞ்சு விளையாடறீங்களே சுகு. மேளதாளத்தோட போயி திருட முடியுமா?"

அந்த நிமிஷமே சுகுமாறன் முடிவெடுத்துவிட்டார். காரணம் சொல்வதா கஷ்டம்? அரசாங்கமே கையில் கொடுத்திருக்கிறது. டீசலுக்கு மானியத்தை எடுத்துவிட்டார்கள், விலை ஏறிவிட்டது. குடும்பத்துக்காக நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு காடியைத் தியாகம் செய்யும் தலைவர் என்ற வேஷம் அவருக்கு நன்றாகவே பொருந்தியது. கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தியும் கீரையும் வந்தபோது ஆரம்பித்தார்.

"பிரேமா, டீசல் விலை தாங்க முடியல. ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"என்ன, நடக்கப் போறீங்களா?"

"காடியை விக்கப் போறேன். சின்னதா, பெட்ரோல்ல ஓடுற மாதிரி ஒன்னு எடுத்துடலாம்."

பிரேமலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முகம் வாடிப்போயிற்று.

"நம்ம போர்வீலையா?"

"ஆமா."

"ஏங்க, அதுல ஏறி உட்கார்ந்தாதான் எனக்கு ஒரு மதிப்பு. திருவிழாவுக்குப் போனா நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க. இப்போ தீப்பெட்டிலேர்ந்து குனிஞ்சு இறங்கணுமா? எங்க அக்கா யோகேஸ்வரி பார்த்தா என்ன நினைக்கும்?"

சுகுமாறன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொள்வாள் என்று நினைத்த இடத்தில் சுவர் எழும்பினால் அவருக்கு அதை இடித்தே தீர வேண்டும். அது அவர் சுபாவம். கல்யாணமான நாளிலிருந்து பிரேமலா கிழக்கு என்றால் அவர் மேற்கு. லோஷினிக்குப் பேர் வைத்ததிலிருந்து வாசல் கேட்டுக்குச் சாயம் அடித்தது வரைக்கும் அப்படித்தான். இது தாமானில் எல்லாருக்கும் தெரியும். பிரேமலாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் கேள்வி மட்டும் சுகுமாறன் மனசில் எழவே இல்லை, பாவம்.

ஒரு வாரம் பிரேமலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போர்வீலைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மூக்கைத் தடவிக்கொடுத்தாள். சுகுமாறனுக்கு அவசரம். மாமாக் கடைப் பக்கம் காற்றடித்தாலே நாக்கு ஊறியது. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"சரி, காடியை உன் பேர்லயே எடுக்கறேன். போதுமா?"

"என் பேர்லயா? எனக்கு எதுக்கு?" பிரேமலா மூக்கை உறிஞ்சினாள்.

"கிராண்டுல, காடிப் பத்திரத்துல, உன் பேரு இருக்கும். உங்கக்காகிட்ட என் காடின்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாம்தான்." சற்று நேரம் யோசித்தாள். "ஆனா ஆட்டோவா இருக்கணும்."

"ஆட்டோவா? கியர் போட்டு ஓட்டுறதுதான் ஓட்டு. ஆட்டோ எல்லாம் பொம்பளைங்க ஓட்டுறது."

"உங்க முட்டியைப் பாருங்க. இந்த வயசுல இன்னும் கிளட்சை மிதிச்சுக்கிட்டு. நாளைக்குக் கால் மடங்கலைன்னா யாரு பாக்கறது?"

அந்த முட்டி வலியைப் பற்றி அவர் வருஷக்கணக்கில் புலம்பியிருக்கிறார். "ஆடாம உட்காருங்க" என்பதைத் தவிர இதுவரை ஒரு மருந்தும் கிடைத்ததில்லை. இப்போது பெண்டாட்டியே முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறாள். மனிதர் உருகிப்போனார். ஆட்டோவுக்குச் சரி என்றார். உருகிய வேகத்தில் சிவப்புக் கலருக்கும் சரி என்றார்.

கெலாங் பாத்தாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி, தவுக்கே, வந்து போர்வீலை வாங்கிக்கொண்டு போனார். அது கடகடவென்று லோரோங் முனைக்குப் போய், வலது பக்கம் திரும்பி, சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் சுகுமாறன் கேட்டிலேயே நின்றார். ஆயிரம் இருந்தாலும் அந்தக் காடியின் ஸ்டியரிங்கை அவரைத் தவிர இன்னொரு கை தொட்டதில்லை. பக்கத்தில் பிரேமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், தன் சுயநலத்துக்காக இவளை அழ வைத்துவிட்டோமே என்று அவருக்கே குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

புதுக் காடிக்குக் கோயிலில் பூசை. சின்னதாக, சிவப்பாக, ரோஜாப்பூ மாலை போட்டுக்கொண்டு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கிராண்டில் யார் பேரோ அவர் பேருக்குத்தான் அர்ச்சனை என்று குருக்கள் சொல்ல, பிரேமலா பேரும் நட்சத்திரமும் ஒலித்தன. சுகுமாறன் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார். பேருதானே. தேங்காய் உடைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பிரேமலா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து முடித்திருந்தாள்.

"என்ன, படம் எடுக்கவா?"

"எலுமிச்சம்பழத்து மேல ஏத்தணும்ல."

"அதுக்கு லைசென்ஸ் வேணும் பிரேமா."

"இருக்கே" என்று கைப்பையைத் தட்டினாள். "லோஷினி காடி கத்துக்கப் போனப்போ, பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்பாதேன்னு என்னையும் கூட அனுப்பினீங்க. சும்மா பெஞ்சுல உட்கார்ந்திருப்பானேன்னு நானும் எடுத்துட்டேன். ஆட்டோ லைசென்ஸ். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, மறந்துட்டீங்களா?"

சுகுமாறனுக்குத் தன் சிரிப்பு அப்படியே ஞாபகம் வந்தது. இதை வைத்துக்கொண்டு நம் வீட்டில் எந்தக் காடியை ஓட்டப்போகிறாய், சாமி மேடையில் வைத்துப் பூப்போடு என்று அன்றைக்குச் சொன்னார். தப்பில்லை. மலேசியாவில் ஆட்டோ லைசென்ஸ் எடுத்தவர்கள் கியர் காடியைத் தொடக்கூடாது, சட்டம். இத்தனை நாளாக அவருடைய ஆசனத்துக்குக் காவல் நின்றது அந்தப் போர்வீலின் கிளட்ச்தான். அதைத்தான் தவுக்கே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"பின்னால ரெண்டு காடி பூசைக்கு நிக்குது. அந்தப் பக்கமா வந்து ஏறுங்க" என்றாள் பிரேமலா.

குருக்களும் பார்த்துக்கொண்டிருந்தார். சுகுமாறன் காடியைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார். சொந்தக் காடியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரேமலா அலுங்காமல் நகர்த்தினாள். அடியில் நசுங்கியது எலுமிச்சம்பழம் மட்டும்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அதற்கப்புறம் சாவி அவள் கைப்பையிலேயே குடியேறிவிட்டது. காலையில் அவளே தொழிற்சாலை கேட்டில் இறக்கிவிட்டாள். "சாப்பாட்டை மறந்துடாதீங்க" என்று செக்யூரிட்டி முன்னாலேயே கையில் டிபன் பாக்ஸைத் திணித்தாள். மெஷின் பையன்கள் சுகுமாறனுக்குக் கேட்கிற மாதிரியே சிரித்தார்கள். மாலையில் அவளே வந்து ஏற்றிக்கொண்டாள். நடுவில் அவர் தப்பித்துப் போக ஒரு சந்து இல்லை. போர்வீல் இருந்தபோதாவது போன் வருகிறதுக்குள் அரைக் கிளாஸ் குடித்திருப்பார். இப்போது நுரையைக் கண்ணால் பார்த்தே பல வாரமாகிவிட்டது.

"சாவியைக் கொடேன்."

"எங்க போகணும்? சொல்லுங்க, கொண்டு விடறேன்."

"சும்மாதான்."

"சும்மா போறதுக்கு எதுக்கு காடி?"

"காடியைக் கழுவிட்டு வரேன்."

"நேத்தே கழுவிட்டேன்."

"எஞ்சினை ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும். புதுக் காடி, ஆம்பளை கை படணும்."

"வேணாங்க. சம்மன் வந்தா என் பேருக்குல்ல வரும்" என்று அவள் பருப்பு களைய ஆரம்பித்துவிட்டாள்.

அலமாக், இதற்கு அந்தப் போர்வீலே தேவலாம் என்று சுகுமாறன் வாய்விட்டே புலம்பினார். கேட்க ஆள் இல்லை. காசியிடம் சொன்னால், "நான் சத்தமில்லாத காடி வாங்கச் சொன்னேன், சாவியைக் குடுக்கச் சொன்னேனா?" என்று அவரும் கைகழுவிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம். சுகுமாறன் டிவி முன்னால் சாய்ந்திருந்தார். "பிரேமா, தண்ணி" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்து போனார். சமையல்கட்டு காலி, அறை காலி, வாசலில் காடியும் இல்லை. எப்போது போனாள்? கேட் திறந்த சத்தமில்லை, எஞ்சின் சத்தமில்லை. எதிர்வீட்டு நாய் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பயந்தார். அப்புறம்தான் பளிச்சென்று உறைத்தது. வீட்டில் ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லை. காடி இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. காலுக்குக் கியரும் கிடையாது, சத்தமும் கிடையாது. இது இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் காசி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சுகு, நடந்து?"

"மெல்லப் பேசுங்கண்ணே. மேட்டுக்கு அந்தப் பக்கம். வரீங்களா?"

"நாச்சா உள்ள தூங்கறா. எழுந்தா தேடுவா. நீங்க போயி எனக்கும் சேர்த்துக் குடிச்சிட்டு வாங்க" என்றார் காசி.

சுகுமாறன் நடந்தார். மேட்டில் மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முட்டி தன் பங்குக்குப் பேசியது. போர்வீல் இந்த மேட்டில் ஏன் கத்தியது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. மேலே வந்ததும் கடையின் விளக்கு தெரிந்தது, பாயின் கை மேலே போய்க் கீழே வருவது தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் பொங்கியது. மீதி தூரத்தை ஏறக்குறைய ஓடினார்.

"வாங்கண்ணே, ஆளையே காணோமே" என்றார் பாய். "அக்கா எப்பவும் உட்கார்ற மேசையிலதான் இருக்காங்க."

"எந்த அக்கா?"

பாய் கண்ணால் காட்டினார். மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல இடமாகப் பார்த்து, பிரேமலாவும் நாச்சாளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் முன்னால் நாலு விரல் நுரையோடு தே தாரிக். நடுவில் ஒரு தட்டு ரொட்டி சானாய், மேலே சீனி தூவி. ஓரத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் சிவப்புக் காடி பதுங்கி நின்றது.

நாச்சாளுக்குப் புரையேறியது. பிரேமலா அவள் தலையைத் தட்டிவிட்டு, "உட்காருங்க" என்று கணவருக்கு நாற்காலியை நகர்த்தினாள்.

"எப்போலேர்ந்து இது?"

"காடி வந்ததுலேர்ந்து. சனிக்கிழமை மட்டும்தான். எனக்கென்ன, சீனி நார்மல்."

"எனக்குச் சத்தமே கேக்கலையே."

"அதுக்குத்தானே பெட்ரோல் காடி. அன்னைக்கு நீங்களும் காசி அண்ணனும் சுவரோரமா பேசிக்கிட்டிருந்தப்போ நாங்க ரெண்டு பேரும் பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டிருந்தோம்லா."

சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்புறம் ஏன் வேணாம் வேணாம்னு அழுத?"

"வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்தது. சரி, மானம் போனது போகட்டும், வந்த வேலையாவது ஆகட்டும் என்று கையைத் தூக்கினார்.

"பாய், தே தாரிக் ஒன்னு."

பாய் அவரைப் பார்க்கவில்லை, பிரேமலாவைப் பார்த்தார்.

"தே ஓ கோசோங்" என்றாள் பிரேமலா.

பால் இல்லை, சீனி இல்லை, கறுப்பாக ஒரு கிளாஸ் வந்தது. சுகுமாறன் குடித்தார். நுரை தேடிய உதட்டில் கசப்புதான் பட்டது. நாச்சாளுக்கே பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்று மட்டும் கெஞ்சினாள். பிரேமலா ரொட்டியின் கடைசித் துண்டைச் சீனியில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவி, சாவியை எடுத்தாள்.

சுகுமாறனும் பின்னாலேயே போனார். பழகிப்போன இடது பக்கத்தில் நாச்சாள் ஏறிவிட்டிருந்தாள். பின்கதவில் கை வைத்தார். அது திறக்கவில்லை. கண்ணாடி இறங்கியது. பிரேமலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள், உண்மையிலேயே பூரித்துப்போனாள்.

"மேடு ஏறியே வந்துட்டீங்க. நல்ல பழக்கம் ஆரம்பிச்சிருக்கீங்க, பாதியில விடாதீங்க. வீட்டுக்கும் நடந்தே வந்துடுங்க."